எங்கே தேடினார்கள்

சித்தி காணாமல் போன அன்று முதலில் கிணற்றில்தான் தேடினார்கள். வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக்கரண்டியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து, இரண்டு மாமாக்கள் மாற்றி மாற்றித் துழாவினார்கள். கிடைத்தது ஒரு பித்தளைச் செம்பு. அடுத்து குடமுருட்டிக் கரை. அப்புறம் ரயில் தண்டவாளம். மறுநாள் காலையில்தான் பேருந்து நிலையத்துக்கு ஆள் போனது. அதுவும் அவள் தனியாகப் போயிருப்பாள் என்று நினைத்து அல்ல, யாரோடு போனாள் என்று விசாரிக்க. காவல் நிலையத்திலும் கேட்ட முதல் கேள்வி அதுதான்: “யார் கூடவாவது பழக்கம் உண்டா?”

அது 1991. சித்திக்கு இருபத்து மூன்று வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பத்து வயது. போன மாதம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவள் ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும், அந்த உறையை நான்தான் தபால் பெட்டியில் போட்டதும், உறைமேல் ‘கோயம்புத்தூர்’ என்று எழுதியிருந்ததும் எனக்குத் தெரியும். தாத்தாவிடம் சொல்லப் போனேன். “சின்னப் பிள்ள, உள்ள போ” என்றார். போய்விட்டேன். ஒன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து சித்தியின் கடிதம் வந்தது. ஒரு மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள், விடுதியில் இடம் கிடைத்துவிட்டது, யாரும் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கதையை நான் கிட்டத்தட்ட மறந்திருந்தேன். 2020 ஊரடங்கில் வேறொரு பெண்ணைத் தேட ஆரம்பித்தபோதுதான் திரும்ப வந்தது.

அமீலியா ஏர்ஹார்ட் 1937 ஜூலை 2 அன்று நியூ கினியின் லே நகரிலிருந்து விமானத்தில் கிளம்பினார். கூட வழிகாட்டுநர் ஃபிரெட் நூனன். போக வேண்டிய இடம் சுமார் 4,100 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் நடுவில் இருக்கும் ஹவ்லாந்து தீவு. இரண்டு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லாத மணல் திட்டு. அங்கே காத்திருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் இட்டாஸ்காவுக்கு அவர் குரல் நன்றாகவே கேட்டது. உங்களுக்கு மேலேதான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைக் காணவில்லை, எரிபொருள் குறைகிறது என்றார். கடைசியாக வந்தது ஒரு கோடு: 157–337.

அந்தக் கோட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மகளின் அட்லஸை விரித்து, கோணமானி வைத்து, ஹவ்லாந்து வழியாகப் பென்சிலால் இழுத்தேன். காலைச் சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டால் நாம் ஒரு கோட்டின் மேல் இருக்கிறோம் என்று தெரியும். அந்தக் கோட்டில் எங்கே என்று தெரியாது. 337 பாகை பக்கம் வடமேற்கே போனால் வெறும் கடல். 157 பாகை பக்கம் தென்கிழக்கே சுமார் 650 கிலோமீட்டர் போனால் அன்று கார்ட்னர் என்று அழைக்கப்பட்ட நிக்குமரோரோ தீவு. ராத்திரி பதினோரு மணிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, எரிபொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. விமானத்தில் நான் ஏறியதே மூன்று முறைதான்.

தேடுவதற்கு ஒரு கணக்கு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகக் கணிதவியலாளர்கள் வளர்த்தது. கடலைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேடும் பொருள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எண் போடுவார்கள். ஒரு சதுரத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் அதன் எண் குறையும், மற்றவற்றின் எண் கூடும். 1968-இல் மூழ்கிய ஸ்கார்பியன் நீர்மூழ்கிக் கப்பலை இந்த வழியில்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் முதல் எண்ணை யார் போடுவது, எதை நம்பிப் போடுவது? எங்கள் வீட்டில் கிணற்றுக்குத்தான் பெரிய எண் விழுந்தது. கோயம்புத்தூருக்குப் பூஜ்யம்.

அமீலியாவைத் தேடியவர்களின் சதுரங்களை அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். ஹவ்லாந்துக்கு அருகே கடலில் விழுந்தார் என்பவர்களில் நிதானமானவர்கள் வானொலி ஏற்பாட்டைக் காரணமாகச் சொல்கிறார்கள். அவர் கேட்ட அலைவரிசையில் கப்பல் அனுப்பிய ஒலியை வைத்து அவருடைய கருவியால் திசை அறிய முடியவில்லை. அவர் பேசிய அலைவரிசையில் கப்பலாலும் திசை காண முடியவில்லை. கோளாறு இரண்டு பக்கமும். ஆனாலும் அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது, எல்லாம் விளம்பரம் என்று முடிப்பவர்கள் நிறைய. 1932-இலேயே தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தவரை! (நூனனைக் குடிகாரர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அவருக்கென்று தனியாகக் கோட்பாடு போட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.)

ஜப்பானியர் பிடித்துப்போய் சைப்பானில் சிறைவைத்தார்கள் என்பவர்களுக்கு அவர் உளவாளி. 2017-இல் ஒரு தொலைக்காட்சி, மார்ஷல் தீவுகளின் படகுத்துறையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் உருவம் அவர்தான் என்று ஒரு புகைப்படத்தைக் காட்டியது. சில நாட்களிலேயே ஜப்பானியர் ஒருவர் அதே படத்தை 1935-இல் அச்சான நூலில் கண்டெடுத்தார். 1970-இல் வந்த ஒரு புத்தகம் இன்னும் மோசம். நியூ ஜெர்சியில் வாழ்ந்த ஒரு பெண்மணிதான் பெயர் மாற்றிக்கொண்ட அமீலியா என்றது. நான் நான்தான் என்று நிரூபிக்க அந்த அம்மா வழக்குப் போட வேண்டியிருந்தது.

என் சதுரம் நிக்குமரோரோ. 1940-இல் அங்கே ஒரு பிரிட்டிஷ் அதிகாரி சில எலும்புகளையும், பெண்ணுடையது போன்ற ஒரு காலணியின் பகுதியையும் கண்டெடுத்தார். மறு ஆண்டு ஃபிஜியில் ஒரு மருத்துவர் எலும்புகளை அளந்து, ஆணுடையவை என்று எழுதினார். பிறகு எலும்புகளே தொலைந்துபோயின. அளவுகள் மட்டும் தாளில் மிஞ்சின. 2018-இல் மானுடவியலாளர் ரிச்சர்ட் ஜான்ட்ஸ் அவற்றை மறுபடி ஆராய்ந்து, அமீலியாவின் உடலமைப்போடு நன்றாகப் பொருந்துகின்றன என்றார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2019-இல் டைட்டானிக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் பாலார்டே போய்த் தேடியும் அங்கே விமானம் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டதற்கு எலும்பு காரணமில்லை. அவர் இறங்கியிருக்க வேண்டும், சில நாளாவது நண்டு பிடித்துத் தின்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நானும் ஆசைப்பட்ட இடத்தில்தான் எண் போட்டிருக்கிறேன்.

அதைவிட என்னை உறுத்தியது ஒரு நோட்டுப் புத்தகம். அந்த ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டு வானொலியைத் திருகிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் உதவி கேட்டு அழும் குரல் கேட்டிருக்கிறது. கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதினாள். அவளுடைய அப்பா கடலோரக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லியும் அவர்கள் பொருட்படுத்தவில்லை என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். அது நிஜமாக அமீலியாவின் குரலா, ஏதாவது வானொலி நாடகமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எதுவாகவும் இருக்கட்டும். அன்றே நோட்டை வாங்கிப் படித்திருக்கலாமே. ஜூலை 19 வரை கப்பல்களும் விமானங்களும் சுமார் ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர் கடலைத் தேடின.

போன வருடம் சித்தி வந்திருந்தார். தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்லஸில் என் பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு, “இந்தம்மா எங்கடி போயிக்கிட்டிருந்தாங்க?” என்றார்.

“உலகத்தச் சுத்தி சித்தி. முக்காவாசி முடிச்சாச்சு. கராச்சி, கல்கத்தா வழியாத்தான் வந்தாங்க. ஜூன் 17 கல்கத்தா.”

“ஜூன்லயா? மழையில்ல?”

“மழைதான். ஈரத் தரையிலேருந்துதான் கெளம்புனாங்க.”

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்கத்தாவில் விரல் வைத்து, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். நான் இத்தனை நாளும் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. என் பென்சில் முழுக்க ஹவ்லாந்தைச் சுற்றியே கிடந்தது.

“சித்தி, அன்னிக்கு உங்கள மொதல்ல கெணத்துலதான் தேடுனாங்க, தெரியுமா?”

“சொன்னாங்க” என்றார், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு நல்லா நீச்சல் தெரியும்டி. உங்க தாத்தாதான் கத்துக்குடுத்தாரு. அதே கெணத்துல.”