ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடாதீங்க!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு சாமி. ஒண்ணு குலசாமி, இன்னொண்ணு மெக்கானிக். எங்க பெரியப்பா பையன், அதாவது என் அண்ணன், ரெண்டையும் கும்பிட்டுப் பார்த்துட்டார். தொண்ணூறுகளில் வந்த ரெண்டு கதவு கார் அது. டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு அணையவே இல்லை. மைலேஜ் பாதாளத்தில்! 'ஆக்சிஜன் சென்சார் அவுட்' என்றார் மெக்கானிக். ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டி மாத்தினோம். மூணாம் நாள் விளக்கு மறுபடி எரிஞ்சுது.

"வித்துடலாம்டா. கடைசியா ஒரு டிரிப்" என்றார் அண்ணன். உளுந்தூர்பேட்டையில் ஹைவேயை விட்டு இறங்கி, விருத்தாசலம் போனோம். அத்தை பையன் அங்கேதான் பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்கிறான்.

விருத்தாசலம்னா பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன், முந்திரி... அப்புறம் பீங்கான். மீட்டர் போர்டில் வெள்ளை வெளேர்னு இருக்குமே ப்யூஸ் கேரியர், அந்த மாதிரி சாமான்களும், கொலு பொம்மைகளும் சூளையில் வெந்து வெளியே வர்ற ஊர்.

பையன் முகத்தில் சுரத்தே இல்லை. "பொம்மை காலேஜ்னு கிண்டல் பண்றாங்கண்ணே. கோர்ஸை விட்டுட்டு சென்னைக்கு வந்துடவா?"

அண்ணன் பதில் சொல்லாமல் தன் சோகத்தைக் கொட்டினார். ஆக்சிஜன் சென்சார்னு கேட்டதும் பையன் நிமிர்ந்தான். "அதுவே பீங்கான்தாண்ணே!"

அப்புறம் நடந்தது முழு கிளாஸ். அந்த சென்சாரின் உயிர், ஜிர்கோனியா என்கிற பீங்கான். உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் இன்ஜின் புகை. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால், இந்த ரெண்டு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசத்தை வோல்டேஜாக மாத்திடும். பெட்ரோல் அதிகம்னா 0.9 வோல்ட் பக்கம், குறைச்சல்னா 0.1 பக்கம். 1976-ல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ காரில் வந்ததுதான் ஆரம்பம். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்து அலுமினா பீங்கான். நாக் சென்சாருக்குள் இருப்பதும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீங்கான்தான்.

"புது சென்சார் ஏண்டா வேலை செய்யலை?"

"அதைக் கேக்கறதுக்கு முன்னாடியே மாத்திட்டீங்களே!"

இந்த வயசு கார்கள் பலதில் ஸ்கேனரே வேண்டாம். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் ரெண்டு பின்னை இணைச்சா, விளக்கே கண் சிமிட்டி கோளாறு நம்பர் சொல்லும். (எந்தப் பின் என்பது காருக்குக் கார் மாறும். மேனுவல் பார்க்காமல் கை வைக்காதீங்க!) எங்க கார் சிமிட்டிய நம்பர், சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டுக்கு உரியது.

ரூம்மேட்டின் மல்டிமீட்டர் வந்தது. ஹீட்டர் ஒயரில் 12 வோல்ட் வரணும். வந்தது பூஜ்யம். ப்யூஸ் போயிருந்தது. ஏன் போச்சு? சைலன்ஸர் பைப்பில் உரசிய ஒயர் தோல் உருகி, பாடியில் ஷார்ட். ப்யூஸை மட்டும் மாத்தியிருந்தா மறுபடி போயிருக்கும். ஒயரை சரி பண்ணி, பைப்பில் படாமல் தள்ளிக் கட்டி, அப்புறம்தான் புது ப்யூஸ் போட்டான். இன்ஜின் சூடானதும் சென்சார் ஒயரில் வோல்டேஜ் மேலும் கீழும் துள்ளிச்சு. ஜோரா இருக்கு! விளக்கு அணைஞ்சுது.

ப்யூஸ் கேரியர் ஊரில் வந்து ப்யூஸைக் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லிச் சிரிச்சோம். சாயங்காலம் மணிமுத்தாற்றங்கரைக்கு நடந்தோம். சுந்தரர் இங்கே ஆத்துல போட்ட பொன்னைத் திருவாரூர் குளத்துல எடுத்தார்னு புராணம். "அவருக்குக் கிடைச்சுது. நமக்கு எங்கே போட்டோமோ அங்கேதான் தேடணும்" என்றார் அண்ணன், காலியான பர்ஸைத் தட்டியபடி.

கிளம்பும்போது பையன் கேட்டான். "நான் எப்போண்ணே சென்னைக்கு வர?"

"டிப்ளமோவை முடிச்சிட்டு வா. அதுவரைக்கும் கார் கெட்டா நான் இங்கே வர்றேன்!"