எஞ்சின் சூடும் எங்கள் வயதும்

சென்னையிலிருந்து மதுரைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன் என்றால், அறுபத்தாறு வயதுக்காரனிடம் எல்லோரும் கேட்பது "முதுகு தாங்குமா சார்?" என்றுதான். முதுகு தாங்கிவிடும். சூடுதான் தாங்காது.

என்னுடையது காற்றால் குளிரும் 350 சிசி எஞ்சின். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாக வெளியேறுகிறது. வண்டி ஓடும்போது சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் எதிர்க்காற்று பட்டு அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். தாம்பரம், பெருங்களத்தூர் நெரிசலில் காற்று ஏது? அனல் நேராக முழங்காலுக்கும் தொடைக்கும் ஏறும். ரேடியேட்டர் உள்ள புது வண்டிகளிலும் விசிறி சுற்றினால் வெக்கை காலில்தான் அடிக்கும். அந்த ஏற்பாடு எஞ்சினுக்காக, ஓட்டுகிறவருக்காக அல்ல.

இரண்டு வருஷம் முன்பு ஒரு மே மாதம், உளுந்தூர்பேட்டை தாண்டியதும் பின்னால் இருந்த என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறவர். திரும்பிக் கேட்டால், "தலை சுத்துதுங்க, நிறுத்துங்க" என்றார். நாற்கரச் சாலையில் நிழலுக்கு மரம் இல்லை. ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி, கழுத்திலும் கையிலும் ஈரத்துண்டு போட்டு, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். அரைமணியில் தெளிந்தார். குழப்பமாகப் பேசினாலோ, நினைவு தப்பினாலோ, உடம்பு கொதித்தாலோ காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

"இனிமே கார்லதாம்ப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். மனைவியோ, "வண்டியை ஏன் விடணும்? நேரத்தை மாத்துங்க" என்றார்.

அதன்படிதான் இப்போது நடக்கிறது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளியே 40 டிகிரி என்றால், முகத்தில் அடிக்கும் காற்று நம்மைக் குளிர்விக்காது, சூடேற்றும். வியர்வை ஆவியாவது ஒன்றுதான் துணை. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வித்தை. அதனால் அரைக்கை பனியனில் போவதை விட, நனைத்த முழுக்கைப் பருத்திச் சட்டையும் அதன்மேல் காற்றோட்டமான வலை ஜாக்கெட்டும் நல்லது. ஈரம் உடனே காயாமல் மெல்லக் குளிர்விக்கும். காலுக்கு, இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். தளர்வான, கெட்டித் துணிப் பேண்ட் போதும்.

காலை நாலரைக்குக் கிளம்புகிறோம். தாம்பரம் அப்போது காலியாக இருக்கும். அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இறங்கித் தண்ணீர் குடிக்கிறோம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுவேன். கிளம்புமுன் எஞ்சின் ஆயில் அளவைப் பார்ப்பேன். இவ்வகை எஞ்சினில் சூட்டைச் சுமந்து போவதில் ஆயிலுக்கும் பங்குண்டு. நிறுத்தும் இடத்தில் கறுப்பு சீட்டின்மேல் வெள்ளைத் துண்டு விரிப்பது மனைவியின் வேலை.

பதினொரு மணிக்குப் பெரம்பலூர். அங்கேயே சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்கு மேல் திருச்சி போய் இரவு தங்கல். மறுநாள் வெயில் ஏறுமுன் மதுரை. ஒரு நாள் பயணம் இரண்டு நாளாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. எங்களுக்கு யார் லீவு கொடுக்க வேண்டும்?