எதிரே வருகிறவர்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்கு இரண்டு ஆசைகள் வலுத்துவிட்டன. வெளியூர் போனால் இரவோடு இரவாக வீடு திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்று. போகிற வழி பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை அந்த விளக்கை வாங்கச் செய்தன.

என்னிடம் இருப்பது பழைய கார். ஒருநாள் தஞ்சாவூரில் கூட்டம் முடிந்து, கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகள். பகலில் சாலையோரம் பெண்கள் முந்திரிப் பருப்பு விற்றுக்கொண்டிருப்பார்கள். இரவில் ஆள் அரவமே இராது. அந்த இருட்டில், சாலையின் நடுவே ஒரு கறுப்புப் பசு படுத்திருந்தது. என் விளக்கின் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை அதன் இரண்டு கண்கள் மட்டுமே. வண்டி அதன் முகத்துக்கு ஒரு முழத்தில் போய் நின்றது. பசு அலட்சியமாக எழுந்து போய்விட்டது. வீடு வந்து சேரும் வரை எனக்குத்தான் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுவாரமே திருச்சிக்குப் போய், ஒரு கடையில் எச்.ஐ.டி. என்ற விளக்கைப் பொருத்திக்கொண்டு வந்தேன். 1991-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. காரில் முதன்முதலாக வந்த விளக்கு அது. அதில் பழைய பல்பைப் போல இழை கிடையாது. சிறு படிகக் குமிழுக்குள் செனான் வாயு இருக்கிறது. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்பொறி வில்லாக நின்று எரிகிறது. அதைப் பற்றவைக்க, பலாஸ்ட் என்னும் பெட்டி பாட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கிறது. பற்றிக்கொண்ட பிறகு 35 வாட் போதும். ஆனால் 55 வாட் ஹாலஜன் பல்பைப்போல ஏறக்குறைய மூன்று பங்கு வெளிச்சம்! கல்லூரியில் இரண்டே ஆண்டு படித்தவன் நான். இத்தனை பௌதிகத்தையும் கடைக்காரர் சொல்லக் கேட்டு மகிழ்ந்து போனேன்.

அன்றிரவு சாலை பகலாயிற்று. புளிய மரத்தின் உச்சிக் கிளை வரையில் தெரிந்தது. மரத்தின் உச்சியில் எனக்கு என்ன வேலை என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து, கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விடியுமுன் நாலு மணிக்கெல்லாம் ஆலங்குடி வழியாக ஊர் திரும்பப் புறப்பட்டுவிட்டேன். அந்த வட்டாரத்தில் அது தூங்கும் நேரமல்ல. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டங்களில் பூப்பறிப்பார்கள். பறித்ததை மூட்டையாகக் கட்டி மொப்பெட்டில் வைத்துக் கீரமங்கலம் பூச்சந்தைக்கு விரைவார்கள்.

எதிரே அப்படி ஒரு மொப்பெட் வந்தது. நான் விளக்கை ‘டிம்’மில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் அந்த வண்டி தள்ளாடியது. ஒரு கை எழுந்து முகத்தை மறைத்தது. அடுத்த கணம் வண்டி சாலையை விட்டு இறங்கிச் சரிந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. நல்லவேளை, எலும்பு தப்பியது. மூட்டை அவிழ்ந்து மல்லிகை அரும்புகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன.

“டிம்மில்தானே ஐயா வந்தேன்?” என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் முதலில் வந்தது எனக்கான வக்காலத்துதான்.

“என்ன டிம்மோ அப்பு, கண்ணக் கட்டிப்புடுச்சு. உங்க காரும் தெரியல, ரோடும் தெரியல” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இருவரும் குனிந்து அரும்புகளைப் பொறுக்கினோம். என் விளக்கு ஒவ்வோர் அரும்பையும் தனித்தனியே எடுத்துக் காட்டியது. “இதுக்காச்சும் ஒதவுச்சே” என்று அவர் லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய வண்டியின் ‘ஹாண்டில்’ வளைந்துவிட்டது. மூட்டையோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குத் திருப்பினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தவர், “அடேயப்பா, நல்லாத்தான் தெரியுது!” என்று வியந்தார். அதற்குள் எதிரே சைக்கிளில் ஒரு பையன் வந்தான். கிழவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

“அணைங்க அப்பு! அந்தப் பய விழுந்துருவான்!”

அணைத்தேன். சைக்கிள் தாண்டிப் போகும் வரை காரை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சற்று முன் எதிரே இருந்தவர் இப்போது என் பக்கத்தில் இருக்கிறார். இருந்தும், எதிரே வருகிறவனின் கண் அவருக்கு மறக்கவில்லை. நானோ ஒரு மாதமாக அந்த விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும், அந்தக் கண்ணை ஒருநாள்கூட நினைத்ததில்லை. காயத்துக்கு மருந்து போடவும் வண்டியைச் சரிசெய்யவும் ஆன செலவை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டு போனேன்.

“டிம்முன்னு பேருதான் சார். உங்க டூம் ஹாலஜன் இழை இருக்குற இடத்தக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. அதுல வேற வெளிச்சத்தச் சொருகுனா கணக்குத் தப்பிப் போயி நாலா பக்கமும் சிதறும்” என்றார்.

பிறகு, தொழிற்சாலையிலேயே புரொஜெக்டர் வைத்து வந்த ஒரு காரின் விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டினார். சுவரில் கோடு கிழித்தாற்போல் வெளிச்சம் நின்றது. கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. விளக்குக்கும் முன்னாலுள்ள ‘லென்ஸு’க்கும் நடுவே ஒரு சிறு தகடு நிற்கிறது. எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும் ஒளியை அது மறித்துவிடுகிறது. நாம் இடப்பக்கம் போகிறவர்கள் ஆதலால், கோடு இடக்கோடியில் மட்டும் சற்று மேலேறி, ஓரமாக நடந்து போகிறவரைக் காட்டுகிறது. எனக்கு அந்தத் தகட்டின்மேல் ஒரு மரியாதையே பிறந்துவிட்டது.

“இதையே எனக்கும் வைத்துவிடுங்களேன்” என்றேன்.

“டூமச் சூடாக்கிப் பிரிச்சு வைக்கலாம் சார். ஆனா, பின்னாடி நாலு பேரு ஏறுனா வண்டி மூக்கத் தூக்கும், கோடும் மேல ஏறிப்போகும்” என்றார். அதற்காகவே ஐரோப்பாவில் இத்தகைய விளக்குகளுக்குத் தானே சமனாகிக்கொள்ளும் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நம் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. தயாரித்தவரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளோ இன்னும் நுட்பமாகப் பேசுகின்றன. 8 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டுமாம். அதைப் படித்தபோது, மொப்பெட்டில் வந்த அந்தக் கிழவரின் கண்ணைத்தான் அளந்து எழுதினார்களோ என்று நினைத்தேன்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். வயதானவர்களுக்குக் கூசிய கண் தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. நாலு விநாடி என்று வைத்துக்கொண்டால்கூட, 44 மீட்டர் தூரம் அவர் குருடராகவே போக வேண்டும். அந்தத் தூரத்தில் ஒரு பாலமோ, பள்ளமோ, பாதயாத்திரை போகிறவர்களோ இருந்தால்?

புது விளக்கைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பழுத்துப் போயிருந்த டூமை மெக்கானிக் தேய்த்து மெருகேற்றினார். ரிலே வைத்து, பல்புக்கு மின்சாரம் குறையாமல் போகும்படி ‘வயரிங்’கைச் சீராக்கினார். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு விளக்கின் திருகுகளைச் சரிசெய்தார். பாதி மங்கல் அதிலேயே தீர்ந்துவிட்டது. மீதி மங்கலுக்கு நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

சின்ன வயதில், வைக்கோல் ஏற்றிய வண்டியில் தாத்தாவோடு இரவில் போயிருக்கிறேன். அரிக்கன் விளக்கை வண்டிக்கு அடியில், அச்சை ஒட்டித் தொங்கவிட்டிருப்பார். “மேலே கட்டினால் இன்னும் தூரம் தெரியுமே தாத்தா?” என்று கேட்டேன். “மாட்டுக்குத் தடம் தெரிஞ்சாப் போதும். எதுக்க வாரவனுக்கு நாம வாரது தெரிஞ்சாப் போதும்” என்றார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிக்காத அவர், அந்தத் தகட்டின் வேலையை வண்டியின் அச்சைக்கொண்டே முடித்துக்கொண்டார்.

இப்போதும் ஆலங்குடிச் சாலையில் விடியுமுன் போக நேர்கிறது. தூரத்தில் ஒற்றை விளக்கு ஆடிக்கொண்டு வந்தால், என் கை தானாக டிம்முக்குப் போகிறது. கால் பிரேக்கில் படிகிறது. மல்லிகை மணம் ஜன்னலருகே வந்து கடந்து போன பிறகுதான் மறுபடி வேகம் எடுக்கிறேன்.