சிவப்பு மையும் அலைவாங்கிகளும்

சென்ற தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் இல்லம் தேடி வந்தான். பெர்த் நகரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். "என்னப்பா ஆய்வு?" என்றதும் மடிக்கணினியைத் திறந்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளியில், கிறிஸ்துமஸ் மரம் போன்ற 2 மீட்டர் உயர அலைவாங்கிகள் ஒழுங்கின்றி நின்றன. எஸ்கேஏ-லோ எனும் வானொலித் தொலைநோக்கி அங்கே கட்டப்பட்டு வருகிறது. 512 நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் 256; மொத்தம் 131,072 அலைவாங்கிகள்.

"ஒன்றின் மீது விழும் அலை அங்கேயே அடங்குவதில்லை, சார். அதில் மின்னோட்டத்தை உண்டாக்கி, மீண்டும் சிதறி, பக்கத்தில் உள்ளவற்றையும் தொடும். அதனால் ஒவ்வொன்றும் வானத்தைச் சற்று வேறாகப் பார்க்கிறது. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே தீரவேண்டும்."

வழி பழையதுதான். ஹாரிங்டன் 1968இல் நூலாக்கிய மொமென்ட் முறை: உலோகத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று அணியாக எழுதுவது. ஓர் அலைவாங்கிக்கு ஆயிரம் துண்டு என்று வைத்தாலும் ஒரு நிலையத்திற்கு 256,000 துண்டுகள். அணியில் 65 பில்லியனுக்கும் மேற்பட்ட எண்கள்! அதைச் சேமிக்கவே ஒரு டெராபைட் நினைவகம் வேண்டும். துண்டுகள் இருமடங்கானால், நேரடியாகத் தீர்க்கும் உழைப்பு எண்மடங்காகும்.

மாற்றுவழி தொகுத்தலாம். இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு 40 மாணவர். முதல் வகுப்பினர் ஒவ்வொருவரும் அடுத்த வகுப்பின் அனைவருக்கும் வாழ்த்தட்டை கொண்டு சென்றால் 1,600 நடை. ஆசிரியரிடம் சேர்த்து, ஒரே கட்டாக அனுப்பி, அங்கே பகிர்ந்தால் 81. அருகிலுள்ள துண்டுகளை மட்டும் நேராகக் கணக்கிட்டு, தொலைவிலுள்ளவற்றை இவ்வாறு கட்டுக்கட்டாகக் கையாள்வதே விரைவுப் பன்முனை முறை. கிரீன்கார்டும் ராக்லினும் 1987இல் வெளியிட்டது. கட்டுகளை மேலும் பெரிய கட்டுகளாக்கி, சிதறல் கணக்குகளுக்குப் பல அடுக்குகளில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சியூ வெங் சோ. மலேசியாவில் பிறந்தவர்! இத்தனை ஆண்டு கணிதம் கற்பித்த எனக்கு அப்பெயரே தெரியாது.

"பிறகு நேராகத் தீர்ப்பதில்லை, சார். ஒரு விடையை ஊகித்து, பிழையைப் பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்குவோம்."

"ஊகிப்பதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "ஆறாம் ஆண்டில் 25 பெருக்கல் 36க்கு நேராக 900 என்று எழுதினேன். செய்வழி இல்லையென்று இரண்டு புள்ளி வெட்டினீர்கள். நன்னான்காகக் கட்டினேன், சார். நாலு இருபத்தைந்து நூறு; ஒன்பது கட்டு."

எனக்குச் சிறிதும் நினைவில்லை. அவனுக்கோ எத்தனை புள்ளி என்பதுவரை நினைவிருக்கிறது. அன்று அவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். விடைத்திட்டத்தைத்தான் கேட்டேன்.

பள்ளி திறந்த வாரம், திருத்திய ஏடுகளில் ஒன்றில் விடை மட்டுமே இருந்தது, சரியான விடை. மாணவியை அழைத்து, எப்படி வந்தது என்றேன். பயந்துபோய், பக்கத்து மாணவியைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டாள். அடுத்த ஏட்டையும் கேட்கத்தான் போகிறேன்.