கோணிய கை

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளியை எங்கள் தலைமுறையினர் மறக்க முடியாது. அப்போது எனக்கு எட்டு வயது. புயல் ஓய்ந்த சில நாட்களில், ஏறாவூரில் எங்கள் வளவில் சரிந்து கிடந்த மாமரத்தில் ஏறி விளையாடியபோது, கையை ஊன்றி விழுந்தேன். இடது முழங்கை வீங்கியது. வீதியெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததால் வாப்பா என்னை அயலிலிருந்த முறிவு தறிவு வைத்தியரிடம் தூக்கிச் சென்றார். அவர் எண்ணெய் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு பொருந்தியது, ஆனால், கோணலாகப் பொருந்தியது. அவரை நான் குறைகூற மாட்டேன். எக்ஸ்றே இல்லாமல் அதற்குமேல் அவரால் எதைக் கண்டிருக்க முடியும்?

கையை நீட்டினால் முன்கை உட்புறமாகச் சாய்ந்து நிற்கும். பாடசாலையில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. மற்றபடி எந்த வேலைக்கும் தடையில்லை. முப்பது வருடங்கள் பத்திரிகைக்கு எழுதினேன். கடந்த ஆண்டுதான் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. சத்திரசிகிச்சை நிபுணர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயதில் முழங்கை முறிந்ததா?" என்பதுதான். கோணிய மூட்டில் நரம்பு பல்லாண்டுகள் இழுபட்டு, பிற்காலத்தில் நலிவதுண்டாம்.

இதே கோணலோடு எங்கள் குடும்பத்தில் இன்னொருத்தி இருந்தாள். என் தங்கையின் பேத்தி, வயது பதினொன்று. முழங்கை முறிந்து இரண்டு வருடங்களாகி விட்டன. எப்போதும் நீண்ட கைச்சட்டைதான் அணிவாள்.

"கை வேலை செய்யுதுதானே காக்கா, ஏன் வெட்டணும்? வளர வளரச் சரியாகிடும்" என்றாள் தங்கை.

சரியாகாது. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கத்தில் நிகழ்கிறது. முழங்கைப் பக்கத்தில் 20 சதவீதமே. ஆகவே மணிக்கட்டருகே ஏற்படும் கோணல் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக நிமிர்வதுபோல், இது நிமிர்வதில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பின் வெளிப்புறத்தில் ஆப்பு வடிவத் துண்டொன்றை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடிக் கம்பிகளால் பொருத்துவதே சிகிச்சை. சில வாரங்களில் எலும்பு ஒட்டிக்கொள்ளும்.

மரத்துப்போன என் விரல்களைத் தங்கையிடம் காட்டினேன். அதன்பிறகே சம்மதித்தாள்.

கட்டு அவிழ்த்த அன்று, பிள்ளை இரு கைகளையும் ஒன்றாக நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்து, "உங்கட கைய ஏன் அப்பவே நிமிர்த்தல்ல?" என்று கேட்டாள்.

ஃபிரெஞ்ச் என்ற சத்திரசிகிச்சையாளர் 1959ஆம் ஆண்டிலேயே இம்முறையை லான்செட் இதழில் விபரித்துவிட்டார். நான் விழுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர்! அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்ட நானும் தேடிப் பார்க்கவில்லை.

ஆகவேதான் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.