வாவிக்கரை வேட்டையும் காது மந்தமும்

மட்டக்களப்பு வாவியில் இரவுத் தொழிலுக்கு இறங்குபவருக்குக் கண்ணைவிடக் காதே அதிகம் உழைக்கிறது. கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்துக்கொண்டு ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவியின் நீர் பெரும்பாலும் கலங்கலானது. பகலிலேயே அடி தெரியாது. நிலவில்லாத இரவில் மேற்பரப்பும் தெரியாது. மணலைக் கூட்டம் துள்ளி விழுந்தால் பொலபொலவென்று பல சத்தம் சேர்ந்து வரும். கொடுவா இரையை அடித்தால் ஒரே சத்தம், கனமாக, ஒருமுறைதான். இறால் தெறிப்பது பக்கத்திலிருந்தால் மட்டும் கேட்கிற சின்னச் சொடுக்கு. வீச்சுவலைக்காரர் இவற்றைப் பிரித்தறிந்து, எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்று கணித்த பிறகே தோணியைத் திருப்புகிறார். கணிப்புப் பிசகினால் வலை வெறுமையாக வரும். இருந்த மீனும் கலைந்துவிடும்.

படுவான்கரையில் இதே காது வேறு வேலை செய்கிறது. மரை, மான், பன்றி என்று முன்னைய தலைமுறை ஆடிய வேட்டையை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் ஏறக்குறைய முழுதாக மூடிவிட்டன. காடு, தேன், கடல் மூன்றையும் நம்பி வாழ்ந்த வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களும் பெரும்பாலும் மீன்பிடித்தலுக்கும் கூலித்தொழிலுக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் வேட்டைக்காரனின் காது இன்னும் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: கதிர் முற்றும் காலத்து வட்டைக் காவல், அதாவது வயல்வெளிக் காவல். வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருப்பவர் ஆட்காட்டி கத்தும் திசையையும், சருகு நொறுங்கும் சத்தத்தையும், கொப்பு முறிவதையும் வைத்தே ஆள் எங்கே, விலங்கு எங்கே என்று அறிகிறார். யானையின் பாதம் மெத்தென்றது. அது நடப்பது கேட்காது, தின்பதுதான் கேட்கும். மென்று முறிக்கும் அந்தச் சத்தத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த அறிகுறி யானையாகவே இருக்கக்கூடும்.

இப்படிப்பட்டவர்களின் காதைக் கெடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய தொழிலும் ஊருந்தான். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட நத்தையெலும்பினுள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. ஒலியை நரம்புக்குப் புரியும் சைகையாக மாற்றுவது இவையே. பறவைக்கு இவை இறந்தால் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. 85 டெசிபெல் இரைச்சலில் ஒரு நாளில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபெலில் 15 நிமிடமே மிஞ்சும். உழவுக்குப் போகும் லேன்மாஸ்டரும், வாழைச்சேனையிலிருந்து பலநாள் தொழிலுக்குப் போகும் படகின் இயந்திர அறையும் இந்தக் கணக்கைத் தினமும் மீறுகின்றன.

வெடிச் சத்தத்துக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. 140 டெசிபெலைத் தாண்டும் ஒரே வெடி போதும். துவக்கு அதைத் தாராளமாகத் தாண்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவரின் இடது காது குழல் வாயை நோக்கி இருப்பதால் அதுவே முதலில் கெடுகிறது. வலது காதைத் தலை மறைத்துக் காக்கிறது. இடியன் துவக்கோடு காட்டுக்குப் போய்ப் பழகிய முதியவர்கள் பேசுபவருக்கு வலப்பக்கத்தைக் காட்டி உட்காருவதன் காரணம் பல வேளைகளில் இதுவே. துவக்கைத் தொடாதவரும் தப்பவில்லை. வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடியைக் கையில் பற்றவைத்து எறிபவர் காதைப் பொத்த முடியாது, இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடைசெய்த டைனமைட்டைத் திருட்டுத்தனமாகப் போடுபவரின் காது மீனோடு சேர்ந்து அடிபடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே போர். 1980களிலிருந்து 2007இல் வாகரையும் குடும்பிமலையும் வீழ்ந்தது வரை இந்த மாவட்டத்தில் ஷெல் விழாத காலம் குறைவு. காயம் எண்ணியவர்கள் கையையும் காலையும் எண்ணினார்கள். அன்று தொடங்கிய காது இரைச்சலை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

சத்தத்தால் வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை என்பதே அதன் வஞ்சகம். 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையிலான கீச்சொலிகள் முதலில் போகும். குறிப்பாக 4,000 அளவில் குழி விழும். அதனால் சில்வண்டு அடங்கிவிட்டதாகத் தோன்றும். சருகு நொறுங்குவதும் இறால் தெறிப்பதும் மங்கும். கொடுவா அடிப்பதும், தோணியில் துடுப்பு இடிப்பதும், அடுத்த கரைக் கோயில் மேளமும் முன்போலவே கேட்கும். ஆகவே தொழிலாளி தன் காது நன்றாக இருப்பதாகவே நம்புகிறார். மீன்தான் குறைந்துவிட்டது என்கிறார். மீன் குறைந்ததும் உண்மையாக இருக்கலாம் என்பதால் இந்தத் தவற்றைப் பிடிப்பது இன்னும் கடினம்.

வீட்டில்தான் முதலில் வெளிப்படும். பேச்சில் உயிரெழுத்துகளின் ஒலி தாழ்வானது, பலமானது. ச, த, க போன்றவற்றின் ஒலி மெலிந்தது. எனவே பேசுவது கேட்கும், பேசியது எது என்று பிடிபடாது. “கேக்குது, விளங்குதில்ல” என்பது இந்நோயின் மிகத் துல்லியமான விவரிப்பு. “மறுகாச் சொல்லு” என்பது பலமுறை வந்ததும் மனைவியோ மகளோ குரலை உயர்த்துவார்கள். உயர்த்தினால் ஏற்கெனவே கேட்கும் தாழ்வொலியே மேலும் பலக்கிறது. முகத்தைப் பார்த்து, மெதுவாக, சாதாரணக் குரலில் சொன்னால் காரியம் நடக்கும். சத்தம் போட்டால் சண்டைதான் நடக்கும்.

ஒரு காது மட்டும் கெடும்போது இழப்பு வேறு வகை. ஒலி ஒரு காதை மற்றதைவிட ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி அடைகிறது. கீச்சொலியில் தலையின் நிழலால் பலமும் வேறுபடுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒப்பிட ஒரு காதே இருந்தால் சத்தம் கேட்கும், வந்த பக்கம் தெரியாது. மீன்பிடியில் இது நட்டம். வட்டைக் காவலில் ஆபத்து.

காதைச் சோதிக்கும் முறை ஒன்று வாவியிலேயே பழக்கத்தில் இருக்கிறது, சோதனை என்ற பெயரில்லாமல். மட்டக்களப்பின் பாடும் மீனைக் கேட்க விரும்புவோர் நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் அகன்ற பக்கத்தை நீரில் அமிழ்த்தி, பிடி முனையைக் காதோடு அழுத்திக்கொள்வார்கள். 1848இல் இங்கு வந்த இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், இந்த ஒலியைத் தாமே கேட்டதைத் தமது நூலில் எழுதியிருக்கிறார். காதைத் தோணியின் மரத்தில் வைத்தபோது ஒலி பெரிதும் பலத்தது என்பதும் அவருடைய குறிப்பில் உண்டு. 1950களில் அமெரிக்க இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி இதைப் பதிவுசெய்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. தீராதது ஊருக்கு நல்லதுதான். தீர்ந்துவிட்டால் யார் தோணி எடுப்பார்கள்?

துடுப்பு எப்படிக் காதாகிறது என்பதில் மர்மமில்லை. நீரிலிருந்து காற்றுக்கு ஒலி எளிதில் ஏறாது. பெரும்பகுதி மேற்பரப்பில் பட்டு நீருக்கே திரும்பிவிடும். மரத்துக்குள் எளிதில் ஏறும். மரத்திலிருந்து காதோர எலும்புக்கும், எலும்பிலிருந்து நேரே உட்காதுக்கும் போகும். செவிப்பறை, நடுக்காது வழியாகப் போகவேண்டிய அவசியம் குறைகிறது. 1855இல் ஜேர்மன் வைத்தியர் ரின்னே விவரித்த சோதனையும் இதே தத்துவத்தில் நிற்கிறது: அதிரும் இசைக்கவையைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, பிறகு காதின் முன்னால் பிடித்து, எது நன்றாகக் கேட்கிறது என்று வைத்தியர் கேட்பார். எலும்பு வழியே நன்றாகக் கேட்டால் தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரண்டு வழியிலும் மங்கி, காற்று வழியே சற்று மேலாக இருந்தால் கெட்டது உட்காது. துடுப்பைக்கொண்டு நோயை நிர்ணயிக்க முடியாதுதான். ஆனால் காற்றில் வரும் பேச்சு மங்கிப்போன ஒருவருக்குத் துடுப்பு வழியே வாவி முன்போலவே கேட்குமானால், அவர் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கக் கூடாது. அவருடைய காது மந்தம் தீரக்கூடிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தீரக்கூடியவை இந்தப் பகுதியில் குறைவில்லை. அடைத்த காதுக் குறும்பி, ஈரத்திலும் வெப்பத்திலும் வளரும் காதுப் பூஞ்சணம், சுழியோடும்போதோ வெடியதிர்விலோ கிழிந்த செவிப்பறை ஆகியவை முக்கியமானவை. சிறு கிழிசல் பெரும்பாலும் தானே ஆறும். ஆறாததைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். ஆறும்வரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. வாவியில் இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்பவரிடம் இதைச் சொல்வது எளிது. சூடாக்கிய எண்ணெய் விடுவது, வலைகோர்க்கும் ஊசியின் பின்முனையால் கிண்டுவது ஆகிய இரண்டு வழக்கங்களும் கிழிசல் உள்ள காதில் கேட்டைப் பெருக்குகின்றன.

உட்காது கெட்டவருக்கு மிஞ்சுவது கேட்டல் கருவி. உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டல் இழப்புக்கான உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரே அதைப் பயன்படுத்துகிறார்கள். விலை ஒரு காரணம். கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பது இன்னொன்று. வரவேற்பறையில் எதிரே இருப்பவரின் பேச்சைப் பிடிக்க அமைந்த கருவி, பின்னாலிருந்து வரும் சத்தத்தைத் தணித்துவிடும். காவல் பரணில் வேண்டியது அதற்கு நேர்மாறானது. அதனால் கருவியைப் பொருத்தும் கேட்டலியல் நிபுணரிடம் தொழில் என்ன என்பதை முதலிலேயே சொல்லி, எல்லாத் திசையையும் சமமாக எடுக்கும் அமைப்பைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

தண்ணீரில் கருவி படும் பாடு தனி. கச்சான் காற்று ஒலிவாங்கியின் துளையில் மோதி உறுமும். உப்புப் படிந்து பற்றரியின் முனை பூக்கும். குனிந்து வலை இழுக்கும்போது கருவி கழன்று வாவிக்குள் போனால் கதை முடிந்தது. சட்டைக் கொலரோடு நூலால் கட்டுவது, காற்றடிக்கையில் துணித்தொப்பியைக் காதுவரை இழுப்பது, இரவு முழுவதும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது ஆகியவை செலவில்லாத காப்புகள். ஆயினும் வலை வீசும் நேரத்தில் அதைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, வீட்டிலும் சந்தையிலும் சங்கக் கூட்டத்திலும் போடுவதே பலருக்குப் பொருந்தும். மீன் சத்தத்தைத் திரும்பப் பெறுவதைவிட மனிதர் பேச்சைத் திரும்பப் பெறுவது எளிது, அதிகம் பயன்படுவதும் அதுவே.

தோணியில் கருவியைவிடத் துணையாள் நம்பகமானவர். கெட்ட காது வெளிப்பக்கமும் நல்ல காது துணையாள் பக்கமும் வருமாறு இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரவுத் தொழிலில் நல்ல காது தண்ணீரை நோக்கி இருப்பதே சரி, துணையாளிடம் பேச வேறு வழி உண்டு. தோணியின் பலகையில் ஒருமுறை தட்டினால் நிறுத்து, இருமுறை தட்டினால் வலப்பக்கம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பலகை அதிர்வைக் காது கேளாவிட்டாலும் கால் உணரும். மின்சூளை நீரை நோக்கி ஒருமுறை மினுக்குவதும் போதும், ஆனால் மீன் கலையும். கைத்தொலைபேசியை அதிர்வில் வைத்து இடுப்பில் செருகுவது இப்போதைய பழக்கம். இளையவரின் காதும் முதியவரின் அறிவும் ஒரே தோணியில் போவதில் எவருக்கும் வெட்கமில்லை. சத்தத்தை இளையவர் சொல்ல, அது எந்த மீன் என்று முதியவர் சொல்வார்.

எஞ்சிய காதைக் காப்பது இதைவிட மலிவு. நுரைக் காதடைப்பானைச் சரியாக உருட்டிச் செருகினால் 20 முதல் 30 டெசிபெல் வரை குறையும். பஞ்சு வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. லேன்மாஸ்டர் ஓட்டும்போதும், படகின் இயந்திர அறையிலும், வெடி எறியும் முன்பும் அதைப் போடலாம். காவலில் தொடர்ந்து போட முடியாது, காவலே காதால்தான் நடக்கிறது. அதனால் வெடி எறிபவர் ஒருவராகவும், காது கொடுத்துக் கேட்பவர் இன்னொருவராகவும் வேலையைப் பிரிப்பதே வழி. எறிபவர் அடைத்துக்கொள்வார், கேட்பவர் தள்ளி நிற்பார். ஒரு காது மட்டும் நல்லதாக உள்ளவர் எறியும் பக்கம் இருக்கலாம். யானை வரும் வட்டையில் தனியாகக் காவலுக்கு அவரை இருத்தக் கூடாது. வாவியில் அவர் கடைசிவரை தொழில் செய்யலாம்.