அந்திக் களி

கருநாடகத்தின் தென்கோடியில், மாதேசுவரன் மலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடைப்பட்ட காட்டுப்பகுதியில் அமைந்த சிற்றூர் கோபிநத்தம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு முதல் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கு ஆட்சிமொழி கன்னடம். வீட்டுமொழி பெரும்பாலும் தமிழ். காட்டையும் காவலையும் பற்றிய செய்திகளாலேயே வெளியுலகம் இவ்வூரை அறிந்தது. அச்செய்திகளில் இடம்பெறாத ஒன்று உண்டு. அது, பொழுது சாய்ந்தபின் இப்பகுதி அடுப்புகளில் எழும் கேழ்வரகுக் களியின் மணம்.

நாள் முழுதும் உழைத்துத் திரும்புவோர்க்குப் பல கறி சமைக்க நேரமில்லை. ஒரு பானையும் ஒரு சட்டியும் போதும். பானையில் நீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி நொய்யரிசியை இட்டுக் குழைய வேகவிடுவர். அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் துளையிடுவர். துளைவழியே நீர் கொப்புளித்து எழுந்து மாவை வேகவைக்கும். அதற்குள் அவசரப்பட்டுக் கிண்டினால் மாவு கட்டிதட்டிவிடும். பின்பு பானையை இறக்கி, கவைக்கோலால் அசையாமல் அணைத்துக்கொண்டு, துடுப்பால் சுழற்றிக் கிண்டுவர். தோள்வலிமை வேண்டும் வேலை இது. தாய் கிண்டத் தந்தை கவைக்கோலைப் பிடிப்பதும் உண்டு. நனைத்த விரலால் தொடும்போது ஒட்டாவிட்டால் களி வெந்துவிட்டது. ஈரக்கையால் அதனை உருட்டி வட்டிலில் வைப்பர். பக்கத்துச் சட்டியில் கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ ஆயத்தமாக இருக்கும்.

சோற்றை எடுத்து வைத்துப் பிந்தி வருபவர்க்குப் பரிமாறலாம். களியோ சூடாக இருக்கும்போதே உண்ணத்தக்கது, ஆறினால் இறுகிவிடும். ஆதலால், “களி ஆறிப்போவுது, எல்லாரும் வாங்க!” என்னும் குரல் எழுந்ததும் ஆடுகட்டச் சென்றவரும் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையும் ஒருங்கே வந்து அமர்வர். உருண்டையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவர். அன்றைய நாளின் செய்திகள் அப்போதுதான் பேசப்படும். மிஞ்சிய களியை நீரில் இட்டு வைத்தால், மறுநாள் மோர் சேர்த்துக் கரைத்துக் காலைக்கூழாகக் குடிக்கலாம்.

களி காத்திராது, கேழ்வரகோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். எளிதில் பூச்சி அரிக்காத தானியம் அது. இவ்வியல்பைக் கன்னடக் கவிஞர் கனகதாசர் ‘இராமதானிய சரிதை’ என்னும் நூலில் கதையாக்கினார். நெல்லும் கேழ்வரகும் தம்முள் எது உயர்ந்தது என வழக்காடின. இராமன் இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைத்தான். வெளியே வந்தபோது நெல் நலிந்திருந்தது; கேழ்வரகு கெடாமல் இருந்தது. இராமன் கேழ்வரகையே பாராட்டினான்.

தமிழிலோ, ‘களி தின்னப் போகிறாயா?’ என்பது சிறைக்கு அனுப்பும் ஏளனமாக நிலைத்துவிட்டது. அவ்வேளனத்தாலும், அரிசி எளிதாகக் கிடைப்பதாலும், களி ஏழைமையின் அடையாளம் என்று நாணும் பிள்ளைகள் உண்டு. உண்மை வேறு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேலாகச் சுண்ணச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே. இத்தானியத்தின் தாயகமான கிழக்கு ஆப்பிரிக்காவில், மாவைக் கொதிநீரில் கிண்டிச் செய்யும் ‘உகாலி’யைக் குடும்பத்தார் இன்றும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துச் சிறப்பித்தது.

இச்சிறப்புகளை அறியாத நாளிலும் அந்த அடுப்புகள் களி கிண்டியே வந்தன. கடின உழைப்புக்குப் பின் பசி தீர வேண்டும். வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் முகம் பார்த்து உண்ண வேண்டும். இவ்விரண்டையும் ஒரு பானையில் நிறைவேற்றும் உணவுக்கு நாண வேண்டியதில்லை.

சிந்தித்து எழுதுக

1. களியை ஏன் சூடாக உண்ண வேண்டும்? அதனால் குடும்பத்திற்கு விளையும் நன்மை யாது?
2. கனகதாசர் கூறும் கதையில் கேழ்வரகு பாராட்டப்பட்டது ஏன்?
3. உங்கள் வீட்டில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இரவுணவு ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.